துவைச்சா சுருங்கும்

டி.வி. பேச ஆரம்பித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு பெரியவள் மாடிப்படி ஏறி வந்தாள். சின்னவள் அப்போது ஒரு பேண்ட்டின் கால்மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். டி.வி. என்றால் பேசத்தானே செய்யும் என்று தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“அந்தப் பேச்சு இல்லடி. நான் என்ன செஞ்சாலும் அதை எனக்கே சொல்லிக் காட்டுது. சத்தத்தைக் கூட்டினா ‘ஒலி பதினாறு’ங்குது. சும்மா நின்னாக்கூட ‘முகப்பு’ன்னு ஒரு வார்த்தை. நம்ம மாமியாரே திரும்பி வந்துட்ட மாதிரி இருக்கு.”

சின்னவள் ஊசியைத் துணியில் இறக்கி நிறுத்திவிட்டுக் கீழே போனாள். பெரியவளின் கணவர், இவளுக்குப் பெரிய அத்தான், ரிமோட்டைக் கடிக்கிற பிராணியைப் போலத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எந்தப் பொத்தான் எவ்வளவு நேரம் அமுங்கியதோ தெரியாது, திரையில் இருக்கும் எழுத்தையெல்லாம் ஒரு பெண்குரல் வாசித்துக்கொண்டிருந்தது. சின்னவள் பிளக்கைப் பிடுங்கிப் பொறுத்திருந்து மாட்டினாள். பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் உருட்டித் திரும்பப் போட்டாள். குரல் முன்னைவிடத் தெளிவாக வரவேற்றது. எந்தப் பட்டியலுக்குள் நுழைந்தாலும் வாசித்து வாசித்து அவள் எங்கே போக வந்தாள் என்பதையே மறக்கடித்தது.

கடைசியில் பெரியவள் டி.வி. உறையை எடுத்து அதன் தலையில் மாட்டினாள். துணிக்குள்ளிருந்தும் அது “முகப்பு” என்றது. இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. பெரியவள் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“விடு, நாளைக்குச் சாயந்திரம் இதுக்கு வாயைத் தைச்சிடுவோம். தையக்காரிய வீட்டுலயே வச்சுக்கிட்டு நான் ஏன் பயப்படணும்?”

மறுநாள் முற்பகல், தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு வாடிக்கையாளருக்குப் புதுக் கண்ணாடி மூக்கில் சரியாக உட்கார்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பெரியவள் மேசைமேல் சாய்ந்தாள். பிறகு எழவில்லை. மூளைக்குள் ஒரு இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இனிமேல் வருவதைக் கேட்டு, உயிரோடு இருப்பவளைப் பற்றிக் குறை சொல்கிற கதை என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள்.

அவர்கள் ஓரகத்திகள், அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டின் கீழும் மேலும் குடியிருந்தவர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடச் சோம்பல்பட்ட மாமியார், மூத்த மருமகளைப் பெரியவ என்றும் இளையவளைச் சின்னவ என்றும் அழைத்தாள். அவள் போன பிறகும் பெயர்கள் போகவில்லை. பால் போடுகிறவரும் தபால்காரரும்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சின்னவள் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நல்ல இடமெல்லாம் பிடிக்கப்பட்டிருந்தது. காற்று வருகிற ஜன்னல் கீழே இருந்தது. தண்ணீர் முதலில் ஏறுகிற குழாய் கீழே இருந்தது. மாமியாரின் சாவிக்கொத்து பெரியவளின் இடுப்பில் இருந்தது. வருகிற விருந்தாளி கீழேயே டீ குடித்து முடித்துவிட்டு, மேலே ஒரு எட்டு எட்டிப்பார்த்து, வயிறு நிறைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். சின்னவளின் சொந்தக் கணவனே, பஸ் ஓட்டி முடித்து வந்தால், படியேறுவதற்கு முன் “அண்ணி” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவான்.

சின்னவளுக்குப் பெரியவளைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. பிடிக்கும். அதுதான் தொல்லை. பிடிக்காதவளாக இருந்திருந்தால் வயிறு எரிவதற்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றித்துணி மாற்றுகிறவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டால், அதை யாரிடம் போய்ச் சொல்வது? சின்னவள் யாரிடமும் சொல்லவில்லை. மெஷினில் வேகமாகத் தைத்துத் தீர்த்துக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் கீழ் வீட்டுக்கு அந்த டி.வி. வந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் அனுப்பியிருந்தாள். இரண்டு ஆட்கள் அதை நிற்கவைத்துத் தூக்கி வந்ததைப் பார்த்துத் தெருவே கதவைத் திறந்தது. சுவரில் ஏற்றியதும் வரவேற்பறை சுருங்கிப்போனது. செய்தி வாசிக்கிறவரின் முகம் அத்தானின் முகத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. மேலே சின்னவள் வீட்டில் இருந்ததோ முதுகு புடைத்த பழைய பெட்டி. பக்கவாட்டில் தட்டினால்தான் நிறம் வரும். இடதுபக்கம் தட்டினால் பச்சை, வலதுபக்கம் தட்டினால் எல்லா நிறமும்.

நேரில் பார்த்தது போதாமல் சின்னவள் ஒருநாள் கீழே இறங்கினாள். தையல்காரிக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும். அளவு டேப் எப்போதும்போல் கழுத்தில் தொங்கியது. பெரியவள் அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சின்னவள் டேப்பின் முனையை டி.வி.யின் இடது ஓரத்தில் வைத்து, வலது ஓரம்வரை இழுத்தாள். நாற்பத்தெட்டு அங்குலம். அப்போது குழாய் நின்றது. சின்னவள் பின்னால் நகர்ந்து ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பவளாக நின்றாள். டேப் டி.வி.யின் மேலேயே தங்கிவிட்டது.

பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். டேப் திரையின் குறுக்கே தொங்கியது. படத்தில் ஓடிக்கொண்டிருந்தவரின் கழுத்துக்கு அது சரியாகப் பொருந்தியிருந்தது.

“என்ன சின்னவளே, இதுக்கும் சட்டை தைக்கப் போறியா?”

“ஆமாக்கா” என்று சின்னவள் சொன்னாள். வாய் முந்திக்கொண்டது. “தூசி படியுமில்ல. ஒரு உறை தைக்கலாம்னு.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. பெரியவள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, இந்த வீட்டில் யாருக்கு இந்த யோசனை வந்தது, என் மகளுக்கு வந்ததா, உங்க அத்தானுக்கு வந்ததா என்று கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். ஆக, எந்த டி.வி.யைப் பார்த்து வயிறு எரிந்ததோ அதற்கே உட்கார்ந்து உறை தைக்க வேண்டியதாயிற்று. அப்போதாவது உயரத்தையும் ஒழுங்காக அளந்தாள். நல்ல கனமான நீலத் துணி, ஓரத்தில் சாம்பல் நிறப் பட்டை. பின்னால் சுருங்கிவிடக் கூடாது என்பதற்காகத் துணியை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, தாளில் மாதிரி வெட்டி, அதன் மேல் துணியைப் போட்டு வெட்டினாள். பகையாளிக்குத் தைத்தாலும் தையலில் அவளுக்குக் கள்ளத்தனம் வராது. உறை கீழ் வீட்டு டி.வி.க்குக் கையுறை மாதிரி உட்கார்ந்தது. வந்தவர்களிடமெல்லாம் பெரியவள் டி.வி.யைக் காட்டுவதை விட்டுவிட்டு உறையைக் காட்டினாள். அதுவும் சின்னவளுக்குப் பொறுக்கவில்லை.

மேல் வீட்டுப் பழைய பெட்டி ஒரு நாள் புகைந்து அணைந்தது. இந்தத் தடவை இரண்டு பக்கம் தட்டியும் எந்த நிறமும் வரவில்லை. கணவன் ஒரு வாரமாவது துக்கம் காப்பான் என்று நினைத்தாள். அவன் புதுசு வாங்குவதற்காக மறுநாளே லீவு போட்டுவிட்டான்.

கடையில் ஒரு சுவர் முழுக்க டி.வி.கள். எல்லாவற்றிலும் ஒரே மீன் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து மூடியது. கழுத்தில் டை கட்டிய விற்பனையாளன் ஒருவன் இவர்களைப் பிடித்துக்கொண்டான். கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரியும், இதில் எத்தனை புள்ளி, அதில் எத்தனை புள்ளி என்று மூச்சுவிடாமல் சொன்னான். கணவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வாங்குகிற கவனத்தில் இல்லை அவன், மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சின்னவளுக்குப் புள்ளியைப் பற்றிக் கவலையில்லை. இது என்ன அளவு என்று கேட்டாள். ஐம்பது அங்குலம் என்றான். அவள் மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். நாற்பத்தெட்டுக்கும் ஐம்பதுக்கும் இரண்டு வித்தியாசம். விற்பனையாளன், அந்தச் சுவருக்கு ஐம்பத்தைந்து எடுப்பாக இருக்கும், விலையும் பெரிதாகக் கூடாது என்று பக்கத்துப் பெட்டியைக் காட்டினான். கணவனின் தலை அதற்கும் ஆடியது.

சின்னவள் வேண்டாம் என்றுவிட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. ஒரேயடியாகப் பெரிதாக வாங்கினால், போட்டிக்கு வாங்கினாள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். இரண்டு அங்குலம் என்றால் யார் கண்ணுக்கும் படாது. அவளுக்கு மட்டும் தெரியும். காலையில் எழுந்ததும் தெரியும், துணி வெட்டும்போது தெரியும், கீழே போய் “அக்கா, உங்க டி.வி. எவ்வளவு பெரிசு” என்று சொல்லும்போது நன்றாகத் தெரியும். இந்த ஜென்மத்தில் ஒரு விஷயத்திலாவது சின்னவள் பெரியவள். அது போதும் அவளுக்கு.

வீட்டுக்கு வந்து மாட்டிய பிறகு அந்த டி.வி. சின்னவளை ஒருநாளும் மதிக்கவில்லை. முதலில் பாஸ்வேர்ட் கேட்டது. இணையம் கீழ் வீட்டு வைஃபை பெட்டியிலிருந்துதான் வரும், ஆகவே பெரியவளைக் கூப்பிட வேண்டியிருந்தது. பெரியவள் எழுத்தெழுத்தாகச் சொல்ல, சின்னவள் அம்புக்குறியை இடதும் வலதுமாகத் தள்ளி ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கினாள். கடைசி எழுத்துக்கு முன்னால் கைதவறி எல்லாம் அழிந்தது. மூன்றாவது தடவை உள்ளே விட்டது. விட்டதும், புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டது. அதற்குப் பிறகு அந்த வட்டம் அந்த வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது. கீழே பாட்டு ஓடும், மேலே வட்டம் சுற்றும். அதே பாட்டைத் தரை வழியாகக் கேட்டுக்கொண்டே சின்னவள் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ரிமோட்டில் பேசினால் தேடித் தரும் என்றார்கள். பழைய பாட்டு என்று கேட்டால் பழைய வீட்டு விற்பனை விளம்பரத்தைக் காட்டியது. அவள் குரலை உயர்த்தினாள். அது இன்னும் இரண்டு வீடு காட்டியது. பெரியவள் வந்து, கண்ணாடிக் கடையில் பலகையில் எழுத்தை வாசிக்கச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். முதல் தடவையிலேயே பாட்டு வந்தது.

“அதுகிட்ட ஏண்டி கோவிச்சுக்கற? மரியாதையாக் கேளு, தரும்” என்றாள்.

சின்னவளின் சொந்த டி.வி.கூடப் பெரியவளை அண்ணி என்று கூப்பிடாத குறைதான்.

இதையெல்லாம் சின்னவள் பொறுத்துக்கொண்டது அந்த இரண்டு அங்குலத்துக்காக. அதைக் கொண்டாடத்தான் தன் டி.வி.க்கும் ஒரு உறை தைக்க உட்கார்ந்தாள். அதே நீலத் துணி மீதியிருந்தது. அதே தாள் மாதிரியும் இருந்தது. இரண்டு அங்குலம் கூட்டி வெட்டினாள். தைத்து முடித்து, கணவனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி மாட்டினாள். உறை வழிந்து இறங்கியது. அக்காவின் சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி டி.வி. அதற்குள் நின்றது.

சின்னவள் டேப்பை எடுத்து ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அளந்தாள். நாற்பத்து நான்கு. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று போனை எடுத்தாள். டை கட்டியவனே பேசினான். டி.வி.யை மூலையிலிருந்து எதிர்மூலைக்குத்தான் அளப்பார்கள், உலகம் முழுக்க அப்படித்தான் என்று பொறுமையாகச் சொன்னான்.

சின்னவள் போனை வைத்தாள். மூலைவாட்டில் துணி வெட்டுவதைத் தையல்காரர்கள் க்ராஸ் என்பார்கள். நேராக அளந்தால் வருகிற நீளத்தைவிட க்ராஸாக அளந்தால் கூட வரும், அதற்குத் துணியும் கூட வேண்டும். வாடிக்கையாளர்களுக்கு அவள் வாய் ஓயாமல் சொல்லுகிற விஷயம் அது. வாழ்நாளெல்லாம் க்ராஸ் வெட்டிச் சாப்பிட்டவள், வயிறு எரிந்த நேரத்தில் நேராக அளந்துவிட்டாள். நேராக நாற்பத்தெட்டு வருகிற கீழ் வீட்டு டி.வி., மூலைக்கு மூலை ஐம்பத்தைந்து. ‘எடுத்துக்கோங்க’ என்று அவன் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்ன அதே ஐம்பத்தைந்து.

அந்த நேரம் பார்த்துப் பெரியவள் படியேறி வந்தாள். உறையைப் பார்த்தாள். தரையில் கிடந்த தாள் மாதிரியைப் பார்த்தாள். சின்னவளின் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பார்த்தாள். கண்ணாடிக் கடைக்காரிக்குப் பார்வையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அருகில் போய், தொங்கிய துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, எவ்வளவு தொளதொளப்பு என்று பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வெளியே வராமல் உள்ளேயே நின்றது.

“துவைச்சா சுருங்கும், விடு” என்றாள்.

நனைத்து வெட்டின துணி சுருங்காதுக்கா என்று சின்னவளின் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். விழுங்கிவிட்டாள். அவமானப்படுத்தியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம், ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கலாம். தெரிந்துகொண்டு தெரியாதது போல் விட்டுவிடுகிறவளை என்ன செய்வது? அதிலும் அவளே பெரியவள். பிரித்துச் சின்னதாக்க ஒரு மணி நேர வேலைதான் என்றாலும், சின்னவள் அந்த உறையில் கை வைக்கவில்லை. பிரித்தால் ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும். துவைத்து, உலர்த்தி, அப்படியே மாட்டினாள். பெரியவள் மேலே வரும்போதெல்லாம் துணியை ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, “கொஞ்சம் சுருங்கியிருக்கு” என்பாள். உதட்டைக் கடித்துக்கொண்டு “ஆமாக்கா” என்பாள் இவள்.

பெரியவளை அனுப்பிவைத்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பி, மகளும் வேலைக்குத் திரும்பிய பிறகு, கீழ் வீட்டில் அத்தான் மட்டும் இருந்தார். வந்தவர்கள் இருந்தவரை டி.வி.யை யாரும் போடவில்லை. ஒரு மாலை அவர் போட்டார். “வணக்கம். முகப்பு” என்றது அது. மேலே மெஷினில் உட்கார்ந்திருந்த சின்னவளுக்குத் தரை வழியாகக் கேட்டது. ஒலி பதினாறு, ஒலி பதினைந்து, ஒலி பதினான்கு என்று இறங்கிக்கொண்டே வந்தது. சத்தத்தைக் குறைத்தால் அது வாயை மூடும் என்று அத்தான் நினைத்திருக்க வேண்டும்.

சின்னவளும் கணவனும் கீழே போனார்கள். இதை நிறுத்த முடியுமாம்மா என்று மட்டும் அத்தான் கேட்டார். சின்னவள் தரையில் உட்கார்ந்தாள். இந்த முறை அவசரப்படவில்லை. குரல் வாசிக்க வாசிக்க நின்று கேட்டு, ஒவ்வொரு வரியாக இறங்கினாள். அமைப்புகள். சாதன விருப்பங்கள். அணுகல்தன்மை. திரை வாசிப்பான், இயக்கத்தில். அவள் நடுப் பொத்தானை அழுத்தினாள்.

“திரை வாசிப்பான் நிறுத்தப்பட்டது” என்று சொல்லிவிட்டு அது அடங்கியது.

சின்னவளின் தலை தன்னால் அடுப்படிப் பக்கம் திரும்பியது. பெரியவளால் முடியாததை அவள் செய்துவிட்டாள். வந்து சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒன்றுக்குத்தான் காத்திருந்தாள். காட்டிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. குழாய் ஒழுங்காக மூடியிருந்தது.

அத்தான் சுவரைப் பார்த்துப் பேசுவது போலப் பேசினார்.

“இதை மேல எடுத்துட்டுப் போயிடும்மா. உங்க டி.வி.யை நான் வச்சுக்கறேன், ஒத்தை ஆளுக்கு அது போதும். இனிமே இந்த வீட்டுக்கு நீதானே பெரியவ.”

எத்தனை வருஷமாகக் காத்திருந்த சொல்லோ தெரியாது, கடைசியில் அது வந்து, அவள் மடியில் யாரோ வேறொருத்தியின் சாமானைப் போட்டுவிட்டுப் போனது போல விழுந்தது. சின்னவளுக்கு முதலில் வந்தது அழுகையில்லை, கோபம். கீழ்வீடு, ஜன்னல், சாவிக்கொத்து எல்லாவற்றையும் தானே வைத்துக்கொண்டிருந்தவள், பெரியவள் என்கிற பேரை மட்டும் இப்படிக் கேட்காமல் கொள்ளாமல் விட்டுவிட்டுப் போகலாமா? ஜெயித்துக்கொள்ளக்கூட இடம் கொடுக்காமல்?

“எங்க சுவர்ல அது நிக்காது அத்தான்” என்றாள்.

“நல்லா நிக்குமே” என்றான் கணவன். விவரம் தெரியாமல் அவன் எப்போதும் உண்மை பேசுகிறவன். “ஆணி எல்லாம் ஒரே அளவுதான்.”

சின்னவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் நிறுத்திக்கொண்டான்.

“அது அக்கா டி.வி. இங்கயே இருக்கட்டும். எதாவது தகராறு பண்ணினா என்னைக் கூப்பிடுங்க, நான் வந்து பாக்கறேன். என்னைப் பெரியவன்னு மட்டும் கூப்பிடாதீங்க அத்தான், நான் திரும்பிப் பாக்க மாட்டேன்.”

அத்தான் தலையசைத்தார். சின்னவள் எழுந்து நீல உறையை எடுத்து டி.வி.க்கு மாட்டினாள். நான்கு மூலையும் சரியாகப் போய் உட்கார்ந்தது. இழுத்துவிட வேண்டிய அவசியமே இல்லை.

அத்தான் இப்போதும் ஏதாவது பொத்தானைத் தவறி அழுத்திவிட்டு, படிக்கட்டின் அடியில் நின்று “சின்னவளே” என்று கூப்பிடுவார். அவள் இறங்கிப் போய்ச் சரிசெய்துவிட்டு வருவாள். மேலே வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். மேல் வீட்டு உறையை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை துவைத்தாயிற்று. நீலம் வெளுத்துவிட்டது, ஓரப்பட்டையில் நூல் பிரிகிறது. துவைத்து மாட்டும்போதெல்லாம் சின்னவள் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்கிறாள்.

சுருங்கவில்லை.